சர்க்கரைப் புண்ணுக்கு ஓசோன் தெரபி போலாமா? கொஞ்சம் விரிவாவே சொல்றேன்

குடியாத்தத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவங்க அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போயி வெறுங்கால்ல கிரிவலம் சுத்திட்டு வந்திருக்காரு, மறுநாளே வலது கால் கட்டைவிரலுக்குக் கீழ கொப்புளம், அது ஒடஞ்சு புண்ணாயி ரெண்டு மாசம் ஆவுது, இன்னும் ஆறல, இப்ப சீழும் வாடையும் வருதாம். வலி மட்டும் சுத்தமா இல்லையாம். ஒரு கிளினிக்ல "ஓசோன் தெரபி பத்து சிட்டிங் எடுங்க, ஆன்டிபயாடிக்கும் வேணாம், விரலை எடுக்கவும் வேணாம்"னு சொல்லியிருக்காங்க. போலாமா வேணாமா, ஓசோன்னா இன்னா அது, இதான் கேள்வி.

தம்பி, பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஓசோனை மட்டும் நம்பி போவாதீங்க. ஆன்டிபயாடிக் வேணாம்னு சொல்ற இடத்துக்கு, சீழ் வெச்சிருக்கற சுகர் காலைத் தூக்கினு போகவே போகாதீங்க. நான் இந்த வேலூர் பக்கத்துல கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ற வேலையில பல வருஷம் இருந்த ஸ்டாஃப் நர்ஸ், உங்க கேள்வியில என்னை உலுக்குனது அந்த "வலி இல்ல"ன்ற வரிதான். ரெண்டு மாசமா சீழ் வெச்ச புண்ணு வலிக்கலன்னா கால் நரம்பு செத்துட்டுருக்குன்னு அர்த்தம், அதுதான் இங்க வியாதியே. ஏன்னு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி ஓசோன் பத்தி நேர்மையா சொல்லிடணும், ஏன்னா அது ஒண்ணும் சுத்த ஏமாத்து வேலை இல்ல, அதுல விஷயம் இருக்கு.

நாம மூச்சு விடற ஆக்சிஜன்ல ரெண்டு அணு சேந்திருக்கும், ஓசோன்ல மூணு. அந்த மூணாவது அணு நிக்காது, எதைத் தொட்டாலும் அது மேல பாயும். பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கற கொழுப்பை ஒடச்சு ஓட்டை போட்டுடும், அதனாலதான் கிருமி சாவுது. தண்ணி பாட்டில் லேபிள்ல ஓசோன் பண்ணதுன்னு போட்டிருப்பாங்க பாருங்க, அதே ஓசோன்தான். இதை சிலிண்டர்ல அடைச்சு கடையில விக்க முடியாது, கொஞ்ச நேரத்துல தானா ஆக்சிஜனா மாறிடும், அதனால மெஷினுக்குள்ள ஆக்சிஜனை விட்டு கரன்ட்ல பொறி ஏத்தி அங்கயே தயார் பண்ணி அப்பவே வைக்கணும். அதுலயும் வர்றது முழுக்க ஓசோன் கிடையாது, நூத்துல ஒண்ணுலருந்து அஞ்சு பங்கு வரைக்கும்தான் ஓசோன், மீதி ஆக்சிஜன்.

புண்ணுக்கு இதை வைக்கறது புதுசும் இல்ல. முதல் உலகப் போர் நடக்கும்போது லண்டன்ல ராணுவ ஆஸ்பத்திரியில ஜார்ஜ் ஸ்டோக்கர்னு ஒரு டாக்டர், சிப்பாய்ங்களோட அழுகுன புண்ணுக்கு ஓசோன் வெச்சு 21 கேஸை 1916ல லான்செட்ன்ற மருத்துவப் பத்திரிகையில எழுதுனாரு. பென்சிலின் கண்டுபுடிச்சதே 1928லதான், அதை யோசிச்சுப் பாருங்க, அவங்க கையில ஆன்டிபயாடிக்கே இல்ல. அந்த காலத்துல அது பெரிய விஷயம். இன்னிக்கு நம்ம கையில இன்னா கிருமின்னு கண்டுபுடிக்கற கல்ச்சர் டெஸ்ட் இருக்கு, ஆன்டிபயாடிக் இருக்கு, அடைச்ச ரத்தக் குழாயைத் திறக்க பலூன் வைக்கறாங்க, இதெல்லாம் இருக்கும்போது ஓசோன் எந்த இடத்துல நிக்குதுன்னு பாக்கணும்.

எப்படி வைப்பாங்கன்னும் சொல்லிடறேன். கால் புண்ணுக்கு பெரும்பாலும் பை முறைதான். புண்ணை சலைன்ல கழுவி ஈரமாவே விடுவாங்க, காய்ஞ்ச புண்ணுல ஓசோன் சரியா வேலை செய்யாது, தண்ணியில கரைஞ்சாதான் உள்ள போவும். அப்புறம் கால்ல ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி மேல காத்து வெளிய வராம இறுக்கிக் கட்டி, உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்துட்டு அந்த கேஸை நிரப்புவாங்க, இருபது முப்பது நிமிஷம் அப்படியே இருக்கும், முடிஞ்சதும் உள்ள இருக்கறதை ரூம்ல திறந்து விடக்கூடாது, மெஷின் வழியா திரும்ப இழுத்து ஓசோனை அழிச்சுதான் விடணும். சாதா ரப்பர் டியூப் இதுக்கு ஆவாது, ஓசோன் பட்டா ரப்பர் விரிசல் விட்டுப் போவும், சிலிகான் டியூப்தான் போடணும். புண்ணு சீழா இருக்கற ஆரம்பத்துல கேஸோட அளவு அதிகமா வைப்பாங்க, சிவப்பா சதை வளர ஆரம்பிச்சா அளவைக் குறைச்சுடணும், இல்லன்னா வளர்ற புது சதையையும் சேத்து கருக்கிடும். இது போக ஓசோன் ஏத்துன தண்ணி, ஓசோன் ஏத்துன ஆலிவ் எண்ணெய் எல்லாம் இருக்கு, எண்ணெய்ல மட்டும் ரொம்ப நாள் நிக்கும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். ஓசோன் எதைத் தொட்டாலும் பாயும்னு சொன்னேன் இல்ல, அது கிருமியைத் தேடிப் போயி கொல்லாது, முதல்ல எது இருக்கோ அது கூட சேந்து தீந்து போயிடும். சேறு படிஞ்ச தொட்டியில பிளீச்சிங் பவுடர் போட்டா சேறே அதைத் தின்னுடும் இல்ல, அதே மாதிரி புண்ணு மேல சீழு, செத்த சதை, மஞ்சளா வழுவழுன்னு ஒரு படலம் இருந்தா ஓசோன் அதுலயே முடிஞ்சுடும், அடியில இருக்கற கிருமிக்கு போயி சேராது. அதனால ஓசோன் வைக்கறதா இருந்தாலும் முதல்ல அந்த செத்த சதையை பிளேடால அரிஞ்சு எடுத்து சுத்தம் பண்ணியே ஆவணும். கட்டைவிரல் அடியில புண்ணைச் சுத்தி தோல் தடிச்சு காய் காய்ச்ச மாதிரி வெள்ளையா நிக்கும், அந்த விளிம்பையும் சீவி எடுக்கணும், பாதி புண்ணு அந்த தோலுக்கு அடியிலதான் ஒளிஞ்சிருக்கும். வெளிய பாத்தா பத்து பைசா அளவு தெரியும், சீவிட்டுப் பாத்தா ரெண்டு ரூபா காசு அளவு இருக்கும், ஒரு மழுங்கல் கம்பியை மெதுவா விட்டா டொக்குன்னு எலும்புல முட்டும். முட்டுச்சுன்னா சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். அந்த எலும்புக்கு எந்த பையை மாட்டி எந்த கேஸை விட்டாலும் எட்டாது.

சரி, ஆராய்ச்சி இன்னா சொல்லுதுன்னு பாப்போம். 2005ல கியூபாவுல 101 சுகர் பேஷன்ட்டுங்கள எடுத்து ஒரு குரூப்புக்கு ஓசோன், இன்னொரு குரூப்புக்கு ஆன்டிபயாடிக் குடுத்து 20 நாள் பாத்தாங்க, ஓசோன் குரூப்ல புண்ணோட அளவு நல்லா குறைஞ்சுது. உங்க கிளினிக் ஆன்டிபயாடிக் வேணாம்னு சொல்றதுக்கு இந்த மாதிரி ஆய்வுதான் அடிப்படையா இருக்கும். 2011ல இஸ்ரேல்ல 61 பேரை வெச்சு இன்னும் கறாரா செஞ்சாங்க, ரெண்டு பக்கத்துக்கும் வழக்கமான டிரெஸ்ஸிங் சிகிச்சை உண்டு, ஒரு பக்கத்துக்கு நிஜ ஓசோன், இன்னொரு பக்கத்துக்கு மெஷின் ஓடற மாதிரி காட்டி ஓசோன் இல்லாம. சேந்த எல்லாரையும் கணக்குல எடுத்தா ஓசோன்ல 41 சதவீதம் பேருக்கு புண்ணு மூடுச்சு, சும்மா காட்டுனதுல 33. இந்த வித்தியாசம் தற்செயலாவே வந்திருக்கலாம்னு கணக்கு சொல்லுது. ஆனா கோர்ஸை முழுசா முடிச்சவங்களை மட்டும் தனியா எடுத்தா 81க்கு 44ன்னு வந்துது. விளம்பரம் போடறவங்க எந்த நம்பரை எடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், 81ஐத்தான். பாதியில விட்டுட்டுப் போனவங்கள்ல புண்ணு மோசமாயி போனவங்க எத்தனை பேருன்னு பாக்காம அந்த 81ஐ நம்பக்கூடாது.

2015ல காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுங்களைச் சேத்து எடை போடற ஒரு குழு இதையெல்லாம் அலசுனாங்க. உலகம் பூரா தேடி 3 ஆய்வு, மொத்தமே 212 பேர்தான் கெடச்சாங்க. ஆன்டிபயாடிக்கோட ஒப்பிட்டா புண்ணு அளவு குறையுது, ஆஸ்பத்திரியில இருக்கற நாளும் குறையுது, ஆனா 20 நாள் முடிவுல முழுசா ஆறுன புண்ணோட எண்ணிக்கையில வித்தியாசம் தெரியல, ஆய்வோட தரமும் போதாது, முடிவா ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு எழுதுனாங்க. சுகர் காலுக்குன்னே உலக அளவுல வழிகாட்டி போடற நிபுணர் குழு 2023ல ஓசோன் மாதிரி வாயுக்களைப் புண்ணு ஆத்தறதுக்கு பயன்படுத்த வேணாம்னே பரிந்துரை குடுத்துட்டாங்க. அமெரிக்காவுல மருந்துங்களைக் கண்காணிக்கற எஃப்.டி.ஏ விதியில ஓசோன் ஒரு நச்சு வாயு, மருத்துவத்துல தெரிஞ்ச பயன் எதுவும் இல்லன்னு எழுதியிருக்கு. அந்த கடைசி வரி எனக்கு கொஞ்சம் அதிகமாத்தான் படுது, கிருமியைக் கொல்லுதுன்றதுல சந்தேகம் இல்ல. ஆனா நிரூபிக்கணும்னா பெரிய ஆய்வு வேணும், இத்தனை வருஷம் ஆகியும் அது வரல, அதுதான் நிலைமை.

இப்ப அந்த "வலி இல்ல"க்கு வரேன், இங்கதான் நம்ம ஊருக்கே பெருமையான ஒரு கதை இருக்கு, வேலூர்க்காரங்களுக்கே பாதி பேருக்கு தெரியாது.

1946 கடைசியில பால் பிராண்ட்னு ஒரு எலும்பு டாக்டர் நம்ம வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அப்ப தொழுநோய்க்காரங்க கையும் காலும் அழுகி விழறது அந்த வியாதியோட குணம்னு எல்லாரும் நெனச்சாங்க. இவரு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு சொன்னாரு, சதை தானா அழுவல, உணர்ச்சி செத்துப் போனதால அவங்க அடிபட்டது தெரியாம அதே எடத்துல திரும்பத் திரும்ப நடக்கறாங்க, அந்த அழுத்தத்துலதான் புண்ணு ஆறாம உள்ள போவுதுன்னு. சாதாரண ஆளுக்கு கால்ல கொப்புளம் வந்தா தன்னறியாம நொண்டி நொண்டி நடப்பான், அந்த நொண்டறதுதான் மருந்து. உணர்ச்சி இல்லாதவன் நொண்ட மாட்டான், புண்ணு மேலயே முழு பாரத்தையும் போட்டு நடப்பான். அதுக்கு அவங்க வைத்தியம் இன்னான்னா, மருந்து பெருசா இல்ல, பாதத்துக்கு அச்சா ஒட்டுன மாதிரி மாவுக்கட்டு போட்டு பாரத்தை கால் பூரா பரவ விட்டது. வருஷக்கணக்கா ஆறாத புண்ணு ஆற ஆரம்பிச்சுது. 1966ல அமெரிக்கா போனவரு அங்க கார்வில்ன்ற ஊர்ல இதையே சொல்லிக் குடுத்தாரு, அங்கருந்துதான் சுகர் காலுக்கும் இந்தக் கட்டு உலகம் பூரா பரவுச்சு. காட்பாடி பக்கம் கரிகிரி ஆஸ்பத்திரின்னா நமக்குத் தெரியும், எம்.சி.ஆர் செருப்புன்னு மெத்துன்னு ஒரு ரப்பர் போட்டு தெச்சுத் தருவாங்களே, அதுவும் இதே யோசனையில வந்ததுதான்.

இதுக்கு கணக்கும் இருக்கு. 2001ல அமெரிக்காவுல 63 சுகர் பேஷன்ட்டுங்களை மூணா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு கழட்ட முடியாத முழு கட்டு, ஒரு குரூப்புக்கு கழட்டி மாட்டற பூட்ஸ், ஒரு குரூப்புக்கு முன்பாதம் தரையில படாத பாதி செருப்பு. 12 வாரத்துல கட்டு போட்டவங்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்கு ஆறிடுச்சு, பூட்ஸ்ல 65, பாதி செருப்புல 58. பூட்ஸும் பாரத்தை நல்லாத்தான் இறக்குது, ஆனா அதைக் கழட்ட முடியும், வீட்டுக்குள்ள வந்ததும் கழட்டி வெச்சுட்டு பாத்ரூமுக்கும் கிச்சனுக்கும் நடந்திருப்பாங்க. அந்த நாலடி நடையே புண்ணைக் கெடுக்கப் போதும். ஓசோன் ஆய்வுல கோர்ஸை முடிச்ச ஆளுங்களை மட்டும் பொறுக்குனாதான் 81 வருது, இங்க ஓசோனே இல்லாம, பாரத்தை இறக்கறதுலயே 90. நான் டிரெஸ்ஸிங் ரூம்ல கண்ணால பாத்ததும் இதேதான், இன்னா மருந்து வெச்சோம்ன்றதை விட அந்த கால் தரையில எவ்ளோ பட்டுதுன்றதுதான் புண்ணோட தலையெழுத்தை முடிவு பண்ணுது. பத்து சிட்டிங்குக்கு அப்பா பஸ் ஏறி எறங்கி கிளினிக் படி ஏறி எறங்கி நடந்தே போயிட்டு வந்தாருன்னா, அரைமணி நேரம் ஓசோன் குடுத்ததை நாள் பூரா நடந்து கெடுத்துக்குவாரு.

ஆனா ஒண்ணு, உடனே மாவுக்கட்டு போடுங்கன்னு போயி கேக்காதீங்க. இப்ப சீழ் இருக்கு, சீழ் இருக்கும்போது மாவுக்கட்டுல மூடக்கூடாது, ரத்த ஓட்டம் குறைவா இருந்தாலும் கூடாது. முதல்ல சுத்தம் பண்ணி, கிருமி அடங்கி, அப்புறம்தான். அதுவரைக்கும் வாக்கர் வெச்சுகினு குதிகால்ல மட்டும் ஊனறதோ, வீல்சேரோ, முன்பாதம் தரையில படாத செருப்போ. அப்பாகிட்ட "நடக்காதீங்க"ன்னு பொதுவா சொன்னா கேக்க மாட்டாரு, கட்டில் பக்கத்துலயே யூரின் கேன், சாப்பாடு, செல்போன் சார்ஜர் எல்லாம் கொண்டாந்து வெச்சுடுங்க, எழுந்திருக்க காரணமே இருக்கக்கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது சொல்றேன். அடுக்கம்பாறை ஜி.ஹெச் ஆனாலும் சரி, சி.எம்.சி ஆனாலும் சரி, கிட்டக்கன்னா குடியாத்தம் ஜி.ஹெச்ல ஆரம்பிச்சாலும் சரி, சர்ஜரி ஓபிக்குப் போங்க. போயி வெறும் டிரெஸ்ஸிங் பண்ணிட்டு வந்துடாதீங்க, நீங்களா வாயைத் தொறந்து கேக்கணும். கால்ல நாடி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பாதத்து மேல ஒண்ணு, உள்பக்க கணுக்காலுக்குப் பின்னாடி ஒண்ணு துடிக்கணும், சந்தேகம் இருந்தா ரத்த ஓட்டத்தைப் பாக்கற டாப்ளர் ஸ்கேன் எடுப்பாங்க. ரத்தம் போகாத காலுக்கு ஓசோனும் வேலை செய்யாது, மாத்திரையும் போயி சேராது, அடைப்பை எடுத்தாத்தான் உண்டு. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, எலும்புல சீழ் புடிச்சா எக்ஸ்ரேல தெரிய ரெண்டு மூணு வாரம் ஆவும், உங்களுக்கு ரெண்டு மாசம் ஆயிடுச்சு, இருந்தா தெரிய வாய்ப்பு இருக்கு. கல்ச்சர் எடுக்கும்போது மேல வழியற சீழைத் தொட்டு எடுத்தா அதுல தோல்ல இருக்கற கண்ட கிருமியும் வரும், சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் அடியில இருக்கற சதையில எடுத்தாதான் நிஜ கிருமி தெரியும், அதை வெச்சு ஆன்டிபயாடிக் மாத்தலாம். சுகர் இப்ப ஏறித்தான் இருக்கும், கிருமி இருந்தாலே ஏறும், கொஞ்ச நாளைக்கு இன்சுலின் போடணும்னு சொன்னா பயந்து மறுக்காதீங்க, புண்ணு ஆறுனதும் நிறைய பேருக்கு மறுபடி மாத்திரைக்கே மாத்துவாங்க. அப்பா பீடி குடிப்பாருன்னா அதை நிறுத்தறதும் கால் ரத்தக் குழாய்க்கான வைத்தியம்தான். காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.

வீட்டுல மஞ்சள், காபித்தூள், பச்சிலை எதுவும் புண்ணுல வைக்காதீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்துனா நுரைக்கறது பாக்க திருப்தியா இருக்கும், ஆனா தினமும் ஊத்துனா புது சதையும் சாவும். சலைன் போதும்.

இதெல்லாம் நடந்துகினு இருக்கு, கூட ஓசோனும் வெச்சுப் பாக்கலாமான்னு கேட்டீங்கன்னா, உங்க டாக்டருக்குத் தெரிஞ்சு, பை முறையில, புண்ணு மேல மட்டும், கூடுதலா வெச்சா பெரிய கெடுதல் வராது, ஆனா அதுக்கு செலவு பண்ற காசை செருப்புக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் பண்ணுங்கன்னுதான் நான் சொல்லுவேன். வைக்கற ரூம்ல காரமா, ஜெராக்ஸ் மெஷின் பக்கம் அடிக்கற மாதிரி ஒரு வாடை வந்தா கேஸ் லீக் ஆவுதுன்னு அர்த்தம், வெளிய வந்துடுங்க, ஓசோனை மூச்சுல இழுத்தா நுரையீரல் புண்ணாயிடும், ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு இன்னும் ஆபத்து. ரத்தத்தை எடுத்து ஓசோன் கலந்து திரும்ப ஏத்தறேன், ஆசனவாய் வழியா குடுக்கறேன்னு சொன்னா அப்பாவுக்கு வேணாம்னுடுங்க. ஜி6பிடின்னு ஒரு நொதி குறைவு சில பேருக்கு பொறவியிலேயே இருக்கும், அவங்களுக்கு இதுல ரத்த அணுவே ஒடஞ்சு போகலாம். கேஸை நேரா ரத்தக் குழாய்ல ஊசியா போடறேன்னு எவனாவது சொன்னா அங்க ஒரு நிமிஷம் கூட நிக்காதீங்க, கேஸ் குமிழி ரத்தத்துல போயி அடைச்சு செத்தவங்க இருக்காங்க.

கடைசியா, ஓபி வரைக்கும் கூட காத்திருக்கக் கூடாத நெலமை சிலது இருக்கு. காய்ச்சல் நடுக்கம் வந்தா, புண்ணைச் சுத்தி இருக்கற சிவப்பு கணுக்கால் பக்கம் ஏறுனா, விரல் கருத்தா, பாதம் வீங்கி அமுக்குனா தோலுக்கடியில நறநறன்னு சத்தம் கேட்டா, அப்பா சோர்ந்து போயி பேச்சு கொளறுனா, ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் 108ஐக் கூப்ட்டு கேஷுவால்டிக்குத் தூக்கினு போயிடுங்க. விடியட்டும்னு இருக்க வேணாம், சிட்டிங்குக்கு காசு கட்டிட்டோமேன்னும் யோசிக்க வேணாம். போனதும் சுகர் பேஷன்ட், கால்ல ரெண்டு மாசப் புண்ணு, எந்தெந்த மாத்திரை எத்தனை நாளா எடுக்கறாருன்னு சீட்டைக் காட்டி முதல்லயே சொல்லிடுங்க.